200 ஆண்டு விழாவும் 1923 சட்டமும்

2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். கணக்கு, 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து. நெகிரி செம்பிலான் தோட்டப்பள்ளிகளைப் பற்றிப் பேச அந்த ஆண்டு மட்டும் போதுமா? போதாது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டத்தையும் சொல்லணும். 7 முதல் 14 வயதுக்குள் ஒரே இனப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது அது. ஆனா, பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தாரா? பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் பாடம் நடத்தினார். ஆகவே மாணவர்களே, கட்டுரையில “துரை பள்ளி கொடுத்தார்” என்று எழுதாதீங்க. “சட்டப்படி வைத்தார்” என்று எழுதுங்க. கொடை வேறு, கடமை வேறு. விழா மேடையிலும் இந்த வேறுபாடு கேட்கணும். கொடை என்றால் நன்றி சொல்லி முடிச்சிடலாம். கடமை என்றால் இன்றும் கேள்வி கேட்கலாம்.