கேட்டலும் விளங்கலும்: திருமுறைச் செயலிகள் பற்றிய ஒரு நோக்கு

பண்டை நூல்களின் பதிப்புகளை மதிப்பிடுவது ஆய்வாளர் கடன் என்பதில் எம்மவரிடையே கருத்து வேறுபாடில்லை. பாடபேதம் காட்டப்பட்டுள்ளதா, பதம் பிரிக்கப்பட்டுள்ளதா, உரைகாரர் யார் என்றெல்லாம் அச்சுநூலை நோக்கி நாம் தயக்கமின்றி வினவுகின்றோம். ஆயின் இன்று தேவார திருவாசகங்கள் பலரைச் சென்றடைவது கைத்தொலைபேசிச் செயலிகளின் வழியாகவே. அச்செயலிகளும் ஒருவகைப் பதிப்புகளே என்பதையும், பதிப்புக்குரிய பொறுப்பு அவற்றுக்கும் உண்டு என்பதையும் நம் திறனாய்வுலகம் இன்னும் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை. இக்குறையை உணர்த்தியது நுரைச்சோலையில் எமக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும்.

புத்தளத்தை அடுத்த பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில் நுரைச்சோலை அமைந்துள்ளது. 900 மெகாவாற்று அனல்மின் நிலையத்தாலேயே இன்று நாடு முழுவதும் அறியப்பட்ட ஊர் அது. மணற்பாங்கான நிலத்திற் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் உழவர்களும் மீனவர்களும் வாழும் பகுதி. தமிழ் பேசுவோருட் பெரும்பாலோர் முஸ்லிம்கள்; கத்தோலிக்கரும் இந்துக்களும் அயலில் உளர். அங்கு ஒரு மாலைப்பொழுதிற் கடையொன்றின் திண்ணையில் அமர்ந்து, சுந்தரர் திருக்கேதீச்சரத்தைப் பாடிய பதிகத்தைச் செயலியொன்றில் நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் காதைக் கூர்ந்து, “பாலாவி எண்டு சொல்றாரே, எங்கட பாலாவியா?” என்று வினவினார். அப்பதிகத்திற் பாலாவி என்னும் பெயர் மீண்டும் மீண்டும் வருவது. அது மாதோட்டத்துத் திருக்கேதீச்சரக் கோயிலை அடுத்த பாலாவித் தீர்த்தம். புத்தளத்துப் பாலாவி அன்று. இதனை அறிவதற்கு நாம் செயலியை நாடினோம். செய்யுளின் பொருள் என்று அதில் இருந்தது இரண்டு வாக்கியங்களே. இறைவன் அருளுடையவன், அடியார்க்கு எளியவன் என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றுமில்லை. பதிகம் எந்த நாட்டிலுள்ள தலத்தைப் பற்றியது என்பதுகூட அங்குக் கூறப்படவில்லை. அதே பக்கத்தில், இப்பதிகத்தை ஓதுவார் எய்தும் பலன்கள் மட்டும் நிறைவாகத் தரப்பட்டிருந்தன.

ஒரு செயலியை வைத்து எல்லாவற்றையும் மதிப்பிடுதல் முறையன்று. கேட்டல் என்னும் ஒன்றை நோக்குமிடத்து இச்சாதனம் செய்துள்ள பணி பெரிது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். திருப்பதிகம் பாடுதல் நெடுங்காலமாக நிறுவனம் சார்ந்த தொழிலாக இருந்துவந்தது. தஞ்சைப் பெருங்கோயிலிற் பதிகம் பாடுதற்குப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் முதலாம் இராசராசன் நியமித்து, நாள்தோறும் நெல் அளந்தமை கல்வெட்டால் அறியப்படுவது. பாடுவோர் யார், எங்கு நின்று பாடுவது, கேட்போர் எவ்விடம் வரை வரலாம் என்பவற்றை அரசும் கோயிலும் சாதியும் வரையறுத்தன. இவ்வரையறை பழங்கதையாகிவிடவில்லை. தில்லைச் சிற்றம்பல மேடையில் ஓதுவார் ஆறுமுகசாமி தேவாரம் பாடுதற்கு 2008ஆம் ஆண்டிலே தமிழக அரசின் ஆணையும், மார்ச் 2ஆந் தேதி பொலிஸ் பாதுகாப்பும் வேண்டியிருந்தன. ஈழத்தில் மாவிட்டபுரத்தில் 1968இல் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பூசை முடிவிற் பஞ்சபுராணம் ஓதும் ஈழத்து வழக்கம் தேவாரத்தை மக்கள் நாவில் நிலைநிறுத்தியது உண்மையே. எனினும் அதைக் கேட்பதற்குக் கோயிலினுள் நுழைதல் வேண்டும். கைத்தொலைபேசியோ எவரிடமும் சாதியைக் கேட்பதில்லை. நுரைச்சோலைக் கடைத்திண்ணையில் ஒரு முஸ்லிம் உழவர் சுந்தரர் பதிகத்தைக் கேட்டமை இதனாலேயே இயன்றது.

விளங்கல் என்னும் மறுபாதியிலேயே குறை உள்ளது. அதற்கு அறிவுச் செல்வம் இல்லாமை காரணம் அன்று. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் வாயிலாகத் தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரத்தின் முதலிரு தொகுதிகள் 1984, 1985ஆம் ஆண்டுகளிலும் மூன்றாவது 1991இலும் வெளிவந்தன. அப்பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, வி. மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பும், ஒலிப்பதிவுகளும், தலங்களின் வரைபடங்களும், சொல்லடைவும் சேர்ந்த மின்பதிப்பு 2007இற் குறுந்தட்டாக வெளிவந்து, பின்னர் இணையத்திலும் கிடைக்கலாயிற்று. தருமபுர ஆதீனத்தின் உரைப்பதிப்பைத் தாங்கிய இணையத்தளமோ பன்னிரு திருமுறைகளையும் பொழிப்புரை, குறிப்புரைகளுடன் தருகின்றது. தமிழ் எழுத்தறியாதாரும் வாசிக்கும்வண்ணம் மூலபாடம் அதிற் பிற எழுத்துக்களிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. சிங்கள எழுத்தும் அவற்றுள் ஒன்று. இத்துணைக் கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவும், செயலி அமைப்போர் பலர் மூலபாடத்தையும் ஒலியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, உரையின் இடத்தில் இரண்டு பக்தி வாக்கியங்களை வைத்து அமைகின்றனர். உரை என்பது பொருள் அறியும் வழி என்னும் நிலை போய், ஒலிக்குப் பூசிய வண்ணம் என்றாகிவிட்டது.

பாலாவிக்கே மீள்வோம். சுந்தரரும் அவருக்கு முன் சம்பந்தரும் இராமேச்சரத்தில் இருந்தபடியே கடல்கடந்த கேதீச்சரத்தைப் பாடினர் என்பது சேக்கிழார் கூற்று. அவ்வாறாயின் கண்ணாற் காணாத ஒரு நீர்நிலையின் பெயர் தமிழகத்துப் புலவரின் நாவில் இத்துணை உறுதியாக எங்ஙனம் வந்தமைந்தது? மாதோட்டம் அக்காலத்தின் பெருந்துறைமுகம். 1980 முதல் 1984 வரை யோன் காஸ்வெல் தலைமையில் அங்கு நிகழ்ந்த அகழாய்வு அதன் கடல் வாணிகப் பரப்பை வெளிக்கொணர்ந்தது. கலமேறி வந்துபோன வணிகரும் மாலுமிகளும் பாலாவியின் பெயரை அக்கரைக்குக் கொண்டுசென்றிருத்தல் கூடும் என்பது எமது ஊகம். கற்பிட்டிக் கரையிலிருந்து வடக்கே கடல்வழி சென்றால் மன்னார். அக்கடலை நன்கறிந்த நுரைச்சோலைவாசி ஒருவருக்கு இச்செய்தி ஒரு வரியிற் சொல்லப்பட்டிருப்பின், பதிகம் அவரது கடலைப் பற்றிய பாட்டாக மாறியிருக்கும். பெயர் ஒன்றாயினும் ஊர் வேறு என்று அறிவதும் விளங்கலே. ஒரு வரைபடமும் ஓர் அடிக்குறிப்பும் அதற்குப் போதுமானவை. ஆயின் பலன் கூறும் பத்திக்குக் கிடைத்த இடம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

இதனினும் கடுமையான சிக்கல் சம்பந்தர் பதிகங்களின் பத்தாம் செய்யுளில் உள்ளது. எட்டாவதில் இராவணனையும், ஒன்பதாவதில் அயன் மால் இருவரையும், பத்தாவதிற் சமண பௌத்தரையும் குறிப்பது அவர் கடைப்பிடித்த ஒழுங்கு. கேதீச்சரப் பதிகமும் இதற்கு விலக்கன்று. பௌத்தமும் சமணமும் அங்கே பழிக்கப்படுகின்றன. இதற்குப் பொருள் எழுதுவோர் இருவழிகளில் ஒன்றை மேற்கொள்வதை நாம் கண்டோம். ஒரு சாரார் ‘புறச்சமயத்தார்’ என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுகின்றனர். மற்றொரு சாரார் அன்றைய பழிப்பை இன்றைக்கும் உரிய சமய உண்மைபோல் விரித்துரைக்கின்றனர். இரண்டும் வாசகரை ஏமாற்றுவனவே. ஏழாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அரசரின் ஆதரவுக்கும் மக்கட் செல்வாக்குக்கும் நிகழ்ந்த போட்டியின் குரல் அது. சமணத்தைச் சார்ந்து நின்ற வணிக வர்க்கத்துக்கும் நிலவுடைமையாளருக்கும் இடையிலான முரண்பாட்டோடு அதனை இணைத்துக் கலாநிதி க. கைலாசபதி 1966இல் வெளியிட்ட ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ நூலின் ‘நாடும் நாயன்மாரும்’ கட்டுரையில் விளக்கியுள்ளார். அவர் முடிபை முழுவதும் ஏற்பதும் ஏற்காததும் வேறு. அத்தகைய விளக்கம் ஒன்று வேண்டும் என்பதே ஈண்டு எமது வாதம். ஒரு சிங்கள பௌத்தர் தம் எழுத்திலேயே இச்செய்யுளை எழுத்துக்கூட்டி வாசிக்கத்தக்க நிலை வந்துவிட்ட இந்நாளில், இந்நாட்டில், வரலாற்றுக் குறிப்பின்றி அதனை வெளியிடுவது பொறுப்பற்ற செயலாகும். செய்யுளை நீக்கிவிடுவதோ அதனினும் தவறு.

பண்ணைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். சம்பந்தரின் கேதீச்சரப் பதிகம் நட்டராகம்; சுந்தரருடையது நட்டபாடை. இன்று ஓதுவார்கள் முன்னதைப் பந்துவராளியிலும் பின்னதைக் கம்பீரநாட்டையிலும் பாடுவர். பல செயலிகளில் இப்பெயர்கள் பதிகத் தலைப்பிலேயே இருந்தும், அவை குறிப்பது இன்னது என்னும் விளக்கம் இல்லை. மறைந்துபோன பண்முறையை மீட்டுக் கொடுத்தவள் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. அரசனும் நம்பியும் ஓலையைத் தேடிய கதை எங்கும் விரித்துரைக்கப்பட, இசையைத் தந்த பாணர்குலப் பெண் ஒருவரிக் குறிப்பாகவும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. (உரைநூல்களிலும் அவளுக்கு அதிக இடம் கிடைத்ததில்லை, செயலி அமைப்போரை மட்டும் குறைகூறுவது அறமன்று.)

இத்தகைய விளக்கங்கள் சைவ அடியாருக்கு வேண்டாதவை, பிறருக்குப் பதிகமே வேண்டாதது என்று கூறுவாரும் உளர். இக்கூற்றின் இரண்டாம் பகுதியை வரலாறு மறுக்கின்றது. அருணகிரியாரின் திருப்புகழ்ச் சந்தத்தைச் செவியேற்று, அதே யாப்பில் நபிபெருமான்மீது திருப்புகழ் பாடியவர் காயற்பட்டினத்துக் காசிம் புலவர். மாற்றுச் சமயத்துப் பாட்டைக் கேட்டதோடு அமையாது, அதன் உள்ளமைப்பை விளங்கிக்கொண்ட ஒருவராலேயே அது இயலும். நுரைச்சோலைப் பெரியவருக்கு அந்நூலின் பெயர் தெரிந்திருந்தது. எமது செயலியிற் காசிம் புலவரைத் தேடிப் பார்க்கும்படி அவர் சொன்னார். இந்து சமயப் பாடல்களுக்கென அமைந்த அதில் அவர் இல்லை. பாலாவி எங்குள்ளது என்பதை நாமே மன்னார்ப் படத்தை விரித்துக் காட்டியபின், அப்பதிகத்தை முதலிலிருந்து மறுபடி போடும்படி கேட்டார்.