பதவிப்பெயரும் குடிப்பெயரும்: 'பட்னவிஸ்'

பாரசீக ஆட்சிச்சொற்களுக்கு ஈடாக வடமொழிச் சொற்களைத் தந்த, சிவாஜி காலத்து இராஜவ்யவகாரகோசத்தை மொழித்தூய்மையின் வெற்றி எனப் போற்றுவோர் மராத்தியக் குடிப்பெயர்களை நோக்குவதில்லை. புணேயில் பேஷ்வா ஆட்சியை இயக்கிய நானா பட்னவிஸின் (1742–1800) இயற்பெயர் பாலாஜி ஜனார்த்தன், குடிப்பெயர் பானு. மரபுரிமையாக வந்த கணக்குப் பதிவுப் பதவியின் பெயர் அதனை மறைத்துவிட்டது. ஈற்றிலுள்ள 'நவிஸ்' எழுதுநர் எனப் பொருள்படும் பாரசீகச் சொல். மடல் எழுதுநரைக் குறிக்கும் 'சிட்னிஸ்' என்பதில் அது 'நிஸ்' எனக் குறுகியுள்ளது. முன்னுறுப்பு பட்டியலைக் குறிக்கும் பாரசீகப் 'பர்த்' என்பார் உளர். அலுவலகத்தைக் குறிக்கும் மராத்திப் 'பட்' என்பாரும் உளர். ஈறு பற்றி ஐயமில்லை. எழுத்தரைக் குறித்த சொல் ஆங்கிலத்தில் 'கிளார்க்' எனக் குடிப்பெயரானதும் இத்தகையதே. 1818இல் பேஷ்வா ஆட்சியோடு அப்பதவியும் முடிந்தது. கோசம் விலக்க முயன்ற பாரசீக ஈறோ மராத்தியக் குடும்பப் பெயர்களில் இன்றும் வழங்குகிறது.