ஆறு அங்குல உயரம், சிவப்பு மூக்கு

ஆறே அங்குலம்! என் உள்ளங்கையில் படுக்க வைத்தால் விரல் நுனிக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும், அவ்வளவு குட்டி! அட்லாண்டாவில் சென்டர் ஃபார் பப்பெட்ரி ஆர்ட்ஸ் என்ற பொம்மலாட்டக் காட்சியகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃப் நிற்கிறது, இந்தப் பக்கம் நான். பக்கத்திலேயே பதினோரு அங்குலத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா, தாடி முழுக்க யாக் எருமையின் மயிர். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கண் கலங்கிவிட்டது. ஒரு பொம்மையைப் பார்த்தா என்று கேட்காதீர்கள். ஆமாம், பொம்மையைப் பார்த்துத்தான்!

1964 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் முதல் தடவையாக ஓடிய படத்தில் நடித்த அதே பொம்மை இது. நகல் இல்லை, அதேதான்! படம் முடிந்ததும் அதை எடுத்த கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோக, வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அலங்காரமாக இருந்து, தாத்தாவின் மீசையில் பாதி உதிர்ந்து, ருடால்ஃபின் மூக்கே காணாமல் போய், பிறகு 2006இல் பக்குவமாகச் சரிசெய்யப்பட்டு, 2020 ஏலத்தில் ஜோடியாக 3,68,000 டாலருக்குப் போனது. வாங்கியவர் இந்தக் காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார், புண்ணியவான். ஏலம் நடந்தபோது உள்ளே இருக்கும் ஈயக் கம்பி இன்னமும் வளைந்து கொடுத்தது, மூக்கில் விளக்கும் எரிந்தது!

ராங்கின் பாஸ் என்று இந்தக் கம்பெனியைச் சொல்வார்கள். ஆர்தர் ராங்கின் தொலைக்காட்சியில் கலை இயக்கம் பார்த்தவர், ஜூல்ஸ் பாஸ் விளம்பரத் துறையில் இருந்தவர். 1960இல் நியூயார்க்கில் வீடியோகிராஃப்ட் என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். முதலில் பினோக்கியோவை ஐந்தைந்து நிமிஷத் துண்டுகளாக 130 எடுத்தார்கள். அப்புறம்தான் ருடால்ஃப். அந்தக் கதைக்கும் ஒரு குடும்பக் கதை உண்டு. 1939இல் மாண்ட்கமரி வார்ட் என்ற கடை தன் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்க ராபர்ட் மே எழுதிய கவிதைப் புத்தகம் அது. அவருடைய மைத்துனர் ஜானி மார்க்ஸ் அதைப் பாட்டாக்க, 1949இல் ஜீன் ஆட்ரி பாடியதும் அமெரிக்காவே முணுமுணுத்தது. படத்துக்கும் பாட்டுகள் மார்க்ஸ்தான்.

ஆனால் பொம்மைக்கு உயிர் வந்தது நியூயார்க்கில் இல்லை. டோக்கியோவில்! நினைத்துப் பாருங்களேன், குரல்களையெல்லாம் கனடாவின் டொரொண்டோவில் பதிவு செய்துவிடுகிறார்கள், அந்த ஒலியை வைத்துக்கொண்டு, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத கலைஞர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் வாயசைவைப் பொருத்துகிறார்கள். தலைவர் மோச்சினாகா தடாஹிதோ. அவர் வாழ்க்கையே ஒரு படம்! சிறுவயதை மஞ்சூரியாவில் கழித்தவர், போர் முடிந்தபிறகும் சீனாவில் தங்கி, ஃபாங் மிங் என்ற சீனப் பெயரில் வேலை செய்து, 1947இல் அந்த நாட்டின் முதல் பொம்மை அனிமேஷன் படத்தையே எடுத்தவர். ஜப்பான் திரும்பிய அந்தக் கைகளிடம்தான் அமெரிக்கக் கிறிஸ்துமஸ் வந்து சேர்ந்தது. பொம்மைகளைச் செய்தவர் இச்சிரோ கொமுரோ. இந்த முறைக்கு 'அனிமேஜிக்' என்று பேர் வைத்தார்கள், எவ்வளவு பொருத்தம்!

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். பொம்மையின் காதை மயிரிழை அசைக்கணும், கையை எடுக்கணும், ஒரு க்ளிக், மறுபடி மயிரிழை, மறுபடி க்ளிக். ஒரே நிலையை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொண்டாலும் ஐம்பது நிமிஷப் படத்துக்கு 36,000 தடவை! நடுவில் யாராவது தும்மினால்? மேஜையில் முழங்கை இடித்தால்? நான் வீட்டில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். பம்பிள் என்ற பனிப்பூதம் வரும் இடத்தில் அதன் வெள்ளை ரோமம் காற்றே இல்லாமல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். விரல்கள் பட்டுப் பட்டு ரோமம் கலைந்திருக்கிறது, ஐயா! முகமே தெரியாத ஒரு டோக்கியோக் கலைஞரின் விரல் அங்கே என் கண்முன் நடமாடுகிறது. முதல் தடவை அதைக் கவனித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டிலிருந்தவர்களை எழுப்பி, "பாருங்க, பாருங்க, அந்த முடியைப் பாருங்க" என்று காட்டினேன்.

அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் வருகிறது. வரட்டுமே!

முதல் ஒளிபரப்பில் என்ன ஆச்சு தெரியுமா? யாருக்கும் வேண்டாத பொம்மைகள் ஒரு தீவில் கிடக்கும், அவற்றுக்கு வீடு தேடித் தருவதாகத் தாத்தா வாக்குக் கொடுப்பார், ஆனால் படம் முடிகிறவரை போய்க் கூட்டி வரவே இல்லை. பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா, கடிதங்களாக எழுதித் தள்ளிவிட்டார்கள்! 1965இல் புதுக் காட்சியே எடுத்துச் சேர்த்து, அந்தப் பொம்மைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு ரயில் பொம்மைக்குச் சதுரச் சக்கரம் இருந்தால் அதற்காக ஊரே மல்லுக்கு நிற்கும் என்றால், அந்தப் பொம்மையை எவ்வளவு நிஜமாக நம்பியிருக்க வேண்டும்!

அப்புறம் 1970. அடடா, அதைச் சொல்லாமல் எப்படி விடுவேன்! தபால்காரராக ஃப்ரெட் அஸ்டேர், இளவயதுக் கிறிஸ்துமஸ் தாத்தாவாக மிக்கி ரூனி குரல் கொடுக்க, ரோமியோ முல்லர் எழுதிய இன்னொரு ராங்கின் பாஸ் படம். தாத்தாவுக்கு ஏன் சிவப்புச் சட்டை, ஏன் புகைபோக்கி வழியாக வருகிறார் என்று எல்லாக் கேள்விக்கும் பதில். அதில் குளிர்கால மந்திரவாதி ஒருத்தன், பனியாலேயே ஆன முகம், எல்லாரும் நடுங்குவார்கள், அவனிடம் மாட்டிக்கொண்ட, பின்னாளில் தாத்தாவாகப் போகிற பையன் பயத்தில் ஓடாமல் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன ரயில் பொம்மையை எடுத்து நீட்டுவான், அந்த ஒரு பரிசில் அவன் முகத்துப் பனி உருகி உருகி, உள்ளே இருந்து சாதுவான ஒரு கிழவர் வெளிப்பட்டு, இனி எப்படி நல்லவனாக இருப்பது என்று தெரியாமல் திகைத்து நிற்க, அவருக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கிற மாதிரி ஓர் அடி எடுத்து வை, இன்னோர் அடி எடுத்து வை என்று பாடிக்கொண்டே கூட்டிப் போவார்கள், நானும் கூடத்தில் எழுந்து அடி எடுத்து வைத்து நடப்பேன், ஒவ்வொரு வருஷமும், தவறாமல்!

1974இல் இன்னொரு படத்தில் பனி மைசரும் வெப்ப மைசரும் வந்தார்கள், அண்ணன் தம்பிச் சண்டை, ஆளுக்கொரு பாட்டு, எதை முதலில் பார்ப்பது என்று எனக்கு எப்போதும் தவிப்புதான். 1985இல் எல். ஃபிராங்க் பாம் எழுதிய கிறிஸ்துமஸ் தாத்தா கதையோடு அனிமேஜிக் முடிந்தது, 1987இல் கம்பெனியும் மூடியது. ராங்கின் 2014இலும் பாஸ் 2022இலும் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் ருடால்ஃப் மட்டும் 1964லிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் ஓடுகிறது, 2024இல் பிறந்த வீடான என்பிசிக்கே திரும்பிவிட்டது!

காட்சியகத்தைவிட்டு மூன்று தடவை வெளியே வந்து மூன்று தடவையும் திரும்பிப் போனேன். கடைசித் தடவை சட்டென்று ஒன்று தோன்றியது. நான் நின்றபடி மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், கேமரா அப்படிப் பார்க்கவில்லையே! உடனே தரையில் முழங்காலிட்டு, கன்னம் கண்ணாடியில் படும்வரை குனிந்து, அதன் கண்ணுக்கு நேராக என் கண்ணை வைத்தேன். ஆறு அங்குலம் போன இடம் தெரியவில்லை. எதிரே ருடால்ஃப் நின்றுகொண்டிருந்தது, படத்தில் பார்த்த அதே முகம், அதே வெட்கம், இப்போதே பேசிவிடும்போல. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வந்து தானும் முழங்காலிட்டாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, காது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.