யாருடைய நடனம்? ஆஸ்திரேலியப் பூர்வகுடி மாணவர்களின் பயிலரங்குகள் பற்றிச் சில குறிப்புகள்

'ஃபயர்ஸ்டார்ட்டர்' ஆவணப்படத்தை (2020, இயக்கம்: வேய்ன் பிளேர், நெல் மின்சின்) போன மாதம் இரண்டாவது முறை பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் பங்காரா நடனக் குழுவைப் பற்றிய படம். விராஜுரி மொழியில் 'பங்காரா' என்றால் தீ மூட்டுவது. படத்தின் மையம் பேஜ் சகோதரர்கள் மூவர்: நடன அமைப்பாளர் ஸ்டீஃபன், இசையமைப்பாளர் டேவிட், நடனக் கலைஞர் ரஸ்ஸல். ரஸ்ஸல் 2002லும் டேவிட் 2016லும் இறந்துபோனார்கள். முதல் முறை பார்த்தபோது அந்தத் துக்கம்தான் மனசில் நின்றது.

இரண்டாவது முறை வேறொரு கேள்வி வந்தது. பிரிஸ்பேனில் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு பூர்வகுடிக் குடும்பத்துப் பையன்களுக்கு நடனம் எப்படி ஒரு படிப்பாகக் கிடைத்தது? மேதைகளைப் பற்றிய படங்களில் வகுப்பறை எப்போதும் சட்டென்று கடந்துபோய்விடும். இந்தப் படத்தின் மீது என் குறையும் அதுதான். ஸ்டீஃபனும் ரஸ்ஸலும் படித்த நைஸ்டா கல்லூரியின் வேரைத் தேடிப் போனேன். ஒரு வருஷத்தில் போய் முட்டிக்கொண்டேன்: 1972.

அந்த வருஷம் அடிலெய்ட் கலைவிழாவுக்கு எலியோ போமரேயின் அமெரிக்க நடனக் குழு வருகிறது. குழுவில் இருந்த கரோல் ஜான்சன் என்ற கறுப்பின நடனக் கலைஞர், சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதிப் பூர்வகுடி இளைஞர்களுக்குப் பயிலரங்கு நடத்துகிறார். கான்பெராவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே பூர்வகுடியினர் கூடாரம் போட்டு அதற்குத் 'தூதரகம்' என்று பெயர் வைத்திருந்த சமயம் அது. அந்தப் போராட்டத்தையே கருவாக வைத்து அவருடைய மாணவர்கள் ஒரு நடனம் அமைத்தார்கள். 1975இல் ஆறு வாரப் பயிலரங்கு ஒன்று நடந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் நைஸ்டா. 1989இல் பங்காராவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் இதே கரோல் ஜான்சன்தான்.

இன்னொரு தகவலைக் கொஞ்சம் கவனிங்க. ரெட்ஃபெர்ன் இருப்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில். அந்த மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் 1902இல் ஒரு விதி வந்தது. வெள்ளைக்காரப் பெற்றோர் ஆட்சேபித்தால் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு வெளியேற்றலாம். தலைமையாசிரியர்களுக்கு இருந்த இந்த அதிகாரம் அவர்களின் கையேட்டிலிருந்து முழுசாக நீங்கிய வருஷம் 1972. ஆமாம், அதே 1972! ஒன்றுக்கொன்று காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம் ஒரு வெறும் கட்டடம் இல்லை என்பது இதில் தெரிகிறது. தாத்தா பாட்டியை வெளியே நிறுத்திய இடம் அது. மிஷன்களிலும் அரசு விடுதிகளிலும் பிள்ளைகளின் தாய்மொழியையும் ஆட்டத்தையும் அடக்கி வைத்ததும் கல்வியின் பெயரில்தான். அப்படிப்பட்ட இடத்துக்குள் இன்றைக்கு ஒரு நடனப் பயிலரங்கு போகிறது என்றால், "பிள்ளைகள் ஜாலியா ஆடினாங்க" என்று எழுதிவிட்டு நகர முடியாது.

முக்கியமான சிக்கல் இனிமேல்தான். 'பூர்வகுடி நடனம்' என்று ஒரே பொருள் கிடையாது. ஐரோப்பியர்கள் வந்தபோது அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. இந்தக் குலம், இந்த நிலம், இந்தக் கதை என்று அது கட்டப்பட்டிருக்கிறது. ஒருவருடைய ஆட்டத்தை இன்னொருவர் அனுமதியில்லாமல் ஆடக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு தெரியாமல் நடத்தும் பள்ளி நிகழ்ச்சிகளில் என்ன ஆகும்? சிட்னியிலும் டிஜெரிடூ ஊதுவார்கள். அதுவோ வடக்கே ஆர்னம் லேண்ட் பக்கத்து வாத்தியம். உடம்பில் வெள்ளைக் கோடுகள், கொஞ்சம் புகை, ஒரு கங்காரு ஆட்டம். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளை தன் பாட்டியின் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாமலே வீட்டுக்குப் போகும்.

நைஸ்டாவின் முறை இங்கேதான் வேறுபடுகிறது. ஆர்னம் லேண்டிலிருந்தும் டோரஸ் நீரிணைத் தீவுகளிலிருந்தும் பெரியவர்களை வரவழைத்து ஆசிரியர்களாக உட்கார வைத்தார்கள். மாணவர்கள் அந்த ஊர்களுக்கே போய்த் தங்கிக் கற்றார்கள். ஆட்டத்தைவிட முக்கியமாக, அந்த ஆட்டம் யாருடையது என்பதைக் கற்றுக்கொண்டார்கள். கூடவே மேற்கத்திய நவீன நடனமும் உண்டு. "இதெல்லாம் அசலான பூர்வகுடி நடனமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைப் பார்வையாளர்கள் கேட்பதே எனக்குத் தப்பாகப் படுகிறது. கொடுத்தவர் சம்மதித்தாரா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள்.

பங்காரா உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் 'ரீகிண்ட்லிங்' திட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது என்பது என் கருத்து. குழு தயார் நடனத்தைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வருவதில்லை. மாணவர்கள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கதை கேட்கிறார்கள். அந்தக் கதையிலிருந்து அசைவுகளை உருவாக்குகிறார்கள். பிறகு அதே ஊர் மக்கள் முன்னால் ஆடுகிறார்கள். கதை கொடுத்த பாட்டியே பார்வையாளராக உட்கார்ந்திருக்கும்போது ஏமாற்ற முடியாது இல்லையா? ஒரு விமர்சகனாக எனக்கு இதைவிடக் கறாரான அளவுகோல் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிர் முனையில் சிட்னியின் 'ஸ்கூல்ஸ் ஸ்பெக்டாகுலர்'. 1983இல் தொடங்கிய அரசுப் பள்ளிகளின் ஆண்டு நிகழ்ச்சி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், பிரமாண்டமான உள்ளரங்கம், தொலைக்காட்சி ஒளிபரப்பு. பூர்வகுடி மாணவர்களின் நடனக் குழுவும் அதில் ஆடுகிறது. ஒரு காலத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்பிய அதே அமைப்பு இப்போது அவர்களை மேடையில் ஏற்றுகிறது. இதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ளமாட்டேன். அந்த வெளிச்சத்தில் நிற்கும் பதினைந்து வயசுப் பெண்ணுக்கு அது வாழ்நாள் நினைவு. ஆனால் அவ்வளவு பெரிய அரங்கில் சில நிமிஷ நடனத்தைப் பார்ப்பவருக்கு இது எந்த ஊர்க் கதை, யார் கொடுத்தது என்று தெரிய வழியில்லை. அரங்கு பெரிசாகப் பெரிசாக 'எங்க ஊர் நடனம்' என்பது 'பூர்வகுடி நடனம்' ஆகிவிடுகிறது. அதற்காக மேடையே வேண்டாம் என்பதில்லை. முதல் அரங்கேற்றம் ஊரில் நடந்துவிட்டு, பிறகு நகரத்துக்கு வரட்டும்.

கடைசியாக அளவீடு பற்றி. நான் மென்பொருள் துறையில் இருப்பவன், எண்கள் மேல் எனக்குப் பகை கிடையாது. 'க்ளோசிங் த கேப்' என்ற அரசுக் கொள்கையில் 2014இல் பள்ளி வருகைக்கும் ஓர் இலக்கு சேர்த்தார்கள். பூர்வகுடி மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியை 2018க்குள் முழுசாக இல்லாமலாக்க வேண்டும் என்பது இலக்கு. அது நிறைவேறவில்லை. இப்படிப்பட்ட சூழலில் கலைத் திட்டங்களும் "வருகை கூடியது, தன்னம்பிக்கை வளர்ந்தது" என்று சொல்லித்தான் நிதி கேட்க வேண்டியிருக்கிறது. புரிகிறது. ஆனால் கணக்குப் பாடத்தால் தன்னம்பிக்கை வளர்ந்ததா என்று நாம் யாரும் கேட்பதில்லை. கணக்கு வந்ததா என்றுதான் கேட்கிறோம். நடனத்தை மட்டும் ஏன் மருந்துச்சீட்டு மாதிரி பார்க்க வேண்டும்? பிள்ளை நோயாளி இல்லை, மாணவர். எனவே கேட்க வேண்டியது இதுதான்: அவளுக்கு இப்போது என்ன தெரியும்? யாரிடம் கற்றாள்? பயிலரங்கு நடத்தியவர்கள் வண்டி ஏறிப் போன பிறகு, அந்தப் பெரியவரிடம் அவள் மறுபடி போனாளா?

மூன்றாவது கேள்விக்கு ஒரு வாரத்தில் பதில் கிடைக்காது. 1972இல் ரெட்ஃபெர்னில் தொடங்கிய ஒரு பயிலரங்குக்கு நாடு தழுவிய நடனக் குழுவாகப் பதில் கிடைக்க 17 வருஷம் ஆனது. ஆண்டறிக்கையில் அதற்குக் கட்டம் இருக்காது.