திருந்தா மொழி எது?

பிற்காலத்தில் பேராயரான இராபர்ட்டு கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தென்னாட்டு மொழிகள் வடமொழியின் கிளைகள் அல்ல, தனிக் குடும்பத்தவை என்பதை விரிவான சான்றுகளோடு நிலைநாட்டியது. அதன் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும், 1875ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அவர் பன்னிரு மொழிகளைத் 'திருந்தியவை' ஆறு, 'திருந்தாதவை' ஆறு எனப் பகுத்தது ஆராயத்தக்கது.

இப்பகுப்புக்கு அளவுகோல் யாது? இலக்கியம் எனின், இலக்கியம் அற்றது என்று அவரே கூறும் துளு திருந்திய வரிசையில் இடம்பெற்றுள்ளது. தோடர், கோத்தர் மொழிகளோ மற்ற வரிசையில் தள்ளப்பட்டன. எமனோ 1930களில் நீலகிரியில் தங்கித் திரட்டிய கோத்தர் கதைகள் 1944 முதல் 1946 வரை அச்சேறின. தோடர் பாடல்கள் 1971இல் தனி நூலாயின. ஏட்டில் இல்லாதது நாவில் இருந்தது என்பதே இவை காட்டும் உண்மை.

ஒலியும் இதற்குச் சான்று. 'காற்று' என்பதிலுள்ள றகரத்திற்குரிய பழைய வல்லொலியைப் பேச்சுத்தமிழ் பெரும்பாலும் தகரமாக்கிக் 'காத்து' என்கிறது. தகரத்தினும் டகரத்தினும் வேறான அவ்வொலியைத் தோடரும் கோத்தரும் இன்றும் காத்துவருகின்றனர். திருந்தாதவை எனப்பட்டவற்றில் அன்றோ தொன்மை தங்கியுள்ளது!

மொழி எது, கிளைமொழி எது என்னும் வினாவும் இவ்வாறே எச்சரிக்கை வேண்டுவது. இருளர் பேச்சு நெடுங்காலம் தமிழின் சிதைவாகவே எண்ணப்பட்டது. டிஃப்லோத் 1968இலும், சுவெலபில் 1973 முதலும் செய்த ஆய்வுகள் அதனைத் தனிமொழியாகக் காட்டின. தம்மம்பட்டியைச் சூழ்ந்த பச்சைமலை, கொல்லிமலை வாழ் மலையாளிகளின் நிலை இதற்கு மறுதலை. பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தாரோடு இணைப்பார் உளர். அப்பெயர் மலையில் வாழ்வோரையே குறிக்கும். அவர்கள் பேச்சு தமிழே. காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்தம் மரபுவழிக் கதை. ஒரு குடி பிரிந்து பல கிளையாதலை அவர்களும் அறிந்திருந்தனர் போலும்.

ஆகவே, பெயரும் ஏடும் மொழியை அளக்கப் போதா. செவிகொடுத்துக் கேட்டலே வழி. மலைநாட்டில் பணியாற்றச் செல்வோர் அம்மக்களின் சொற்களைக் 'கொச்சை' என்று திருத்தத் தொடங்கினால், கேட்போர் வாய்மூடுவர். நற்செய்தியும் அயலார் சொல்லாகவே நின்றுவிடும். யோர்தான் துறையில் 'ஷிபோலேத்' என்று உச்சரிக்க இயலாதோர் மாண்ட செய்தியை நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒலி வேறுபாட்டைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிப்பதன் முடிவு யாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. கால்டுவெல்லின் ஒப்புநோக்கும் முறையைப் போற்றுவோம். அப்பகுப்பை மட்டும் கைவிடுவோம்.