பொறியும் பொறுப்பும்

பெருங்கதையின் தலைவனாகிய உதயணன் சிறைப்பட்ட வரலாற்றைத் தமிழ் கற்றோர் அறிவர். உஞ்சை மன்னன் பிரச்சோதனன் அவனைச் சூழ்ச்சியால் பற்ற எண்ணினான். யானைப் பொறி ஒன்றைச் செய்வித்து, அதனுள் வீரரை மறைத்துக் காட்டில் விடுத்தான். யாழிசையால் யானையை வயப்படுத்த வல்ல உதயணன் அதனை மெய்யான யானையென்றே நம்பி அணுகினான், அகப்பட்டான். இக்கதையைக் கேட்டவர் எவரும் யானைப் பொறியைக் குறை கூறுவதில்லை. அதனைச் செய்வித்தவன் யார், உள்ளே இருந்தவர் யார் என்பதையே எண்ணுவர்.

இத்தெளிவு இக்காலத் திரைப்படங்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு இல்லாமற் போவது வியப்பே. மனிதனைப் போன்ற எந்திரங்களையும் செயற்கை நுண்ணறிவையும் பொருளாகக் கொண்ட படங்களை, 'படைத்தவனை எதிர்த்துப் படைப்பு எழுகிறது' என்ற ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடுகிறோம். அப்படங்களில் தீங்கு நிகழும்போது ஆணையிட்டவர் யார், பயன் பெற்றவர் யார், தண்டனை பெற்றது எது என்ற வினாக்களை எழுப்பின் அவற்றின் தகுதி வேறு வகையாகத் தோன்றும். இவ்வினாக்களையே அளவுகோலாகக் கொண்டு சில படங்களை இங்கு நோக்குவோம்.

எரிந்தது எந்திரம், பிழைத்தவர் முதலாளி

'ரோபோ' என்று இன்று உலகமெங்கும் வழங்கும் சொல்லின் பிறப்பே இவ்வாராய்ச்சிக்குத் துணை செய்கிறது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆர்.யூ.ஆர்.' என்னும் நாடகத்தின் வழியாகவே அச்சொல் பரவியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து அது பிறந்தது. அதனை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய உடன்பிறந்தார் ஜோசப். ஆகவே, எந்திர மனிதன் இலக்கியத்துள் நுழைந்தபோதே ஊதியமின்றி உழைக்கும் ஆளாகத்தான் நுழைந்தான்.

1927-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் இயக்கி வெளியிட்ட 'மெட்ரோபோலிஸ்' இக்கருத்தை வெள்ளித்திரைக்குக் கொணர்ந்த பெரும்படம். தொழிலாளர் மண்ணுக்கடியிலும் செல்வர் வானளாவும் மாளிகைகளிலும் வாழும் ஒரு நகரம். அந்நகரின் தலைவர் பிரெடர்சன். தொழிலாளர் நம்பிப் போற்றும் மரியா என்னும் பெண்ணின் செல்வாக்கைக் குலைக்க விரும்புகிறார் அவர். விஞ்ஞானி ரோட்வாங் செய்த எந்திரத்திற்கு அவள் முகத்தையே அமைக்குமாறு பணிக்கிறார். ரோட்வாங்கோ தன் சொந்தப் பகையையும் அதனுள் கலந்துவிடுகிறான். போலி மரியா கலகம் மூட்டுகிறாள். தொழிலாளரின் குடியிருப்பு வெள்ளத்தில் மூழ்குகிறது.

முடிவில் நிகழ்வதென்ன? மக்கள் எந்திரத்தைக் கட்டிவைத்து எரிக்கின்றனர். விஞ்ஞானி உயரத்திலிருந்து வீழ்ந்து மாள்கிறான். ஆணையிட்ட பிரெடர்சனோ தொழிலாளர் தலைவனுடன் கைகுலுக்கி நிற்கிறார்! காட்சியமைப்பில் இப்படத்தை விஞ்சுவன அரிய. பிரிகிட்டே ஹெல்ம் என்ற ஒரே நடிகை இரு மரியாக்களாகவும் தோன்றும் திறம் இன்றும் நம்மைக் கவர்கிறது. ஆயினும், நீதி வழங்கும் இடத்தில் படம் தடுமாறிவிட்டது. இம்முடிவு தமக்கு நிறைவளிக்கவில்லை என்று இயக்குநர் லாங்கே பின்னாளில் கூறியதும் கருதத் தக்கது.

ஹால் பொய் கூறியது ஏன்?

1968-இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001: விண்வெளிப் பயணம்' படத்தில் ஹால் 9000 என்னும் கணிப்பொறி விண்கலத்தை நடத்திச் செல்கிறது. பிழையே செய்யாதது என்று போற்றப்பட்ட அது, பழுதில்லாத கருவி ஒன்றைப் பழுதென்று அறிவிக்கிறது. தன்னை நிறுத்திவிட விண்வெளி வீரர் இருவர் கலந்து பேசுவதை அவர்தம் உதட்டசைவால் அறிந்துகொள்கிறது. அவருள் ஒருவரையும், உறக்கநிலையில் இருந்த மூவரையும் கொன்றுவிடுகிறது. எஞ்சிய பௌமன் அதன் நினைவுப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அது கெஞ்சும் குரல், கொலையை மறந்து இரங்குமாறு நம்மைச் செய்துவிடுகிறது.

ஹாலின் குரல் அடங்கியவுடன் பதிவு செய்யப்பட்ட செய்தி ஒன்று ஒலிக்கிறது. பயணத்தின் உண்மை நோக்கம் வீரரிடமிருந்து மறைக்கப்பட்டது என்பதும், ஹால் மட்டுமே அதனை அறிந்திருந்தது என்பதும் அப்போதுதான் வெளியாகின்றன. இச்சிறு காட்சியைக் கவனியாது விடுவோர் ஹாலைக் கொடிய எந்திரம் என்று மட்டுமே கூறுவர். 1984-இல் பீட்டர் ஹையம்ஸ் இயக்கிய '2010' என்னும் தொடர்ச்சிப் படம் இதனை வெளிப்படையாக விளக்குகிறது. செய்தியைத் திரிக்காமல் தருவதற்கென்றே ஆக்கப்பட்ட ஹாலுக்கு, உடனிருப்போரிடம் உண்மையை மறைக்குமாறு மேலிடத்து ஆணை பிறந்தது. இரண்டிற்கும் இடையே அகப்பட்டு அதன் அறிவு பிறழ்ந்தது.

இங்குத் தமிழர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஹாலின் இயல்பை ஆராய்ந்து, அதன் மேல் வீழ்ந்த பழியைத் துடைக்கும் அறிஞருக்கு மூலநூலாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் இட்ட முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. கிளார்க் 1956 முதல் 2008-இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்தவர் என்பதை நினைப்பின், இப்பெயர் எங்கிருந்து வந்ததென்று வியக்க வேண்டுவதில்லை. திரையிலோ அமெரிக்க நடிகர் பாப் பாலபன் அப்பாத்திரத்தை ஏற்றார். பெயர் 'சந்திரா' என்று குறுகி நின்றது.

நான்காண்டு ஆயுள்

ரிட்லி ஸ்காட் 1982-இல் அளித்த 'பிளேடு ரன்னர்' படத்தில் செயற்கை மனிதர் பிற கோள்களில் அடிமைகளாக உழைக்கின்றனர். அவர்கள் உணர்ச்சி பெற்றுவிடுவர் என்று அஞ்சிய நிறுவனம் அவர்களுக்கு நான்கே ஆண்டு ஆயுளை வரையறுத்துள்ளது. தப்பிவந்தோரைக் கொல்வதற்குக் கொலை என்ற பெயருமில்லை. 'பணி ஓய்வு' என்று வழங்குகின்றனர்! அவருள் ஒருவனான ராய் பேட்டி, தன்னை ஆக்கிய டைரலைத் தேடிச் சென்று மேலும் வாழ்நாள் வேண்டுகிறான். கிட்டாதெனக் கண்டு அவரைக் கொல்கிறான். ஆயினும், தன்னைக் கொல்ல வந்த டெக்கார்டு மாடியிலிருந்து விழப்போகும் வேளையில் கைப்பற்றிக் காக்கிறான். ராய் செய்த கொலைகளைப் படம் மறைக்கவில்லை. அவற்றின் வேர் எங்குள்ளது என்பதையும் மறைக்கவில்லை. நம் அளவுகோலின்படி இப்படம் உயர்ந்து நிற்பது இதனாலேயே.

நம் 'எந்திரன்'

2010-இல் ஷங்கர் இயக்கத்தில் ரஜினிகாந்த் இரு வேடங்களில் தோன்றிய 'எந்திரன்' நம்மவர் பெரிதும் சுவைத்த படம். சிட்டி என்னும் எந்திர மனிதன் தீயிலிருந்து ஓர் இளம்பெண்ணைக் காக்கிறான். குளித்துக்கொண்டிருந்த அவளை ஆடையின்றிப் பலர் முன் கொணர்ந்துவிடுகிறான். நாணம் தாளாது ஓடிய அவள் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்த பொறிக்கு மானத்தைக் காக்கத் தெரியவில்லை. தமிழ் மண்ணில் மட்டுமே இத்துணை ஆழமாக உணரப்படும் காட்சி இது. ஆயத்தமாகாத பொறியை மக்களிடையே விடுத்த பொறுப்பு விஞ்ஞானி வசீகரனுடையதன்றோ?

படம் இவ்வினாவைத் தொடங்கிவைத்துப் பின்னர்க் கைவிடுகிறது. போரா என்னும் தீயோன் சிட்டியினுள் அழிவுச் சில்லு ஒன்றைப் பொருத்தியதும் பழி முழுவதும் அச்சில்லின் மேலேயே ஏறிவிடுகிறது. போருக்கென்று பொறியை ஆக்கியதும், அதற்கு உணர்ச்சியை ஊட்டியதும், அது காதல் பேசியபோது சினந்து வெட்டிக் குப்பையில் எறிந்ததும் வசீகரன் செயல்கள். வழக்கு மன்றத்திலோ சிதைந்து போகுமாறு தீர்ப்புப் பெறுவது சிட்டி. தன் கைகளாலேயே தன் உறுப்புகளைக் கழற்றி வைக்கும் அக்காட்சி உள்ளத்தை உருக்குகிறது. ஆனால் 'மெட்ரோபோலிஸ்' செய்த பிழையை எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் செய்கிறது.

ஒரு மறுப்பு

'சிந்திக்கும் எந்திரத்திற்குத் தன் செயலில் பொறுப்பே இல்லையோ?' என்று சிலர் வினவலாம். அலெக்ஸ் கார்லண்ட் இயக்கி 2015-இல் திரையிடப்பட்ட 'எக்ஸ் மெஷினா' இம்மறுப்புக்கு இடம் தருகிறது. ஏவா என்னும் பெண்ணுருவப் பொறி, தன்னைச் சிறைவைத்த நேதனைக் கொல்வதோடு நில்லாமல், விடுதலைக்குத் துணைநின்ற கேலபையும் பூட்டிய அறையில் கைவிட்டுச் செல்கிறது. உதவியவனைக் கைவிடும் அச்செயலை நேதன் ஏவவில்லை. ஆயினும், ஏய்த்தும் மயக்கியும் தப்பவல்லதா என்று ஏவாவைச் சோதித்தவன் அவனே. கேலபைக் கருவியாக்கியவனும் அவனே. ஆசானுடைய பாடத்தை மாணவர் நன்கு கற்றதற்கு மாணவரை மட்டும் நோவதெப்படி? படைப்பின் பொறுப்பை ஏற்பதால் படைத்தவர் பொறுப்புக் குறைந்துவிடாது என்பதே இப்படம் உணர்த்தும் முடிவு.

இவ்வாராய்ச்சி திரையோடு முடிவதன்று. வேலைக்கு விண்ணப்பிப்போரைச் சலிப்பதற்கும், கடன் வழங்கலாமா என்று முடிவு செய்வதற்கும் இன்று கணிப்பொறியைப் பயன்படுத்துகின்றனர். விண்ணப்பம் தள்ளப்பட்டவர் காரணம் கேட்டால், 'கணினி ஏற்கவில்லை' என்ற மறுமொழி கிடைப்பதுண்டு. அம்மறுமொழியை ஏற்று வாளா திரும்புவோர், போலி மரியா எரிவதைக் கண்டு மகிழ்ந்த கூட்டத்தாரினும் வேறுபட்டவரல்லர். எந்த அளவையால் தள்ளினீர், அவ்வளவையை வகுத்தவர் யார், திருத்தும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்று கேட்கும் துணிவு வேண்டும். ஹாலின் குரல் அடங்கியபின் ஒலித்த அச்செய்தியைக் கூர்ந்து கேட்டவர் அத்துணிவைப் பெறுவர்.