பிரித்து எண்ணப்படும் போதை: கணக்கெடுப்புகள் குறித்த ஒரு திறனாய்வு

புகையிலை, கஞ்சா, மது மூன்றையும் ஒருவரே நுகரும் நிலையை இந்தியக் கணக்கெடுப்புகள் துண்டாடிவிடுகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வு–5 (2019–21) புகையிலையையும் மதுவையும் வினவியது, கஞ்சாவை வினவவில்லை. 2019இல் வெளிவந்த எய்ம்ஸ் ஆய்வோ 10 முதல் 75 வயதினரில் மது 14.6, கஞ்சா வகைகள் 2.8 விழுக்காடு எனக் கண்டது, புகையிலையை விட்டுவிட்டது. அந்த 2.8இல் வடநாட்டுப் பாங்கும் அடக்கம் என்பதைத் தமிழ்க் கட்டுரையாளர் பலர் கவனிப்பதில்லை. கஞ்சா புகையிலைத் தூளுடன் கலந்தும் புகைக்கப்படுவதால் இவ்விடுபாடு சிறிதன்று.

விருதுநகர் மாவட்டத் தரவுத்தாள் புகையிலைக்கும் மதுவுக்கும் தனித்தனி விழுக்காடு தருகிறது. இரண்டும் ஒருவரிடம் கூடுவதைக் காட்டும் நிரல் இல்லை. நரிக்குடி ஒன்றியமோ மாவட்டச் சராசரிக்குள் கரைந்துவிடுகிறது. அங்குக் கரிமூட்டத் தொழிலாளியிடம் மதுவைப் பற்றித் திண்ணையிலேயே கேட்கலாம். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமான கஞ்சாவை அவ்வாறு கேட்டால் மறுப்பே விடையாகும். அம்மறுப்பை ‘இல்லை’ எனப் பதிவது தரவாகாது.